பெட்டிக்குள் ஒரே கடை

வெள்ளவத்தை ஃபிளாட்டில் மகள் புது கேம் கொன்சோலை வெளியே எடுத்ததும், அந்தப் பிளாஸ்டிக் மணம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த கொட்டாஞ்சேனை வீட்டுக்கு இழுத்துப்போனது.

அங்கே எங்களிடமும் ஒரு கேம் மெஷின் இருந்தது. துறைமுக வேலை முடிந்து வந்ததும் அப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடு நிலத்தில் உட்கார்ந்து, சூடான பிளேன்டீயை ஊதுவதுபோல் கேம் கசட்டின் வாயை ஊதிவிட்டுத்தான் செருகுவார். அதை வாங்கிய அன்றே கடை முதலாளி, "வேற கடை கசட் போட்டா வொரண்டி இல்ல" என்றார். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"ரேடியோ வித்தவனிட்டயே பாட்டும் வாங்கோணுமோ? சல்லி குடுத்தாச்சு, மெஷின் இனி என்ர!"

உடனே எதிர்க்கடையில் ஒரு கார்ப் பந்தயக் கசட்டை வாங்கிவந்து, அந்த முதலாளியின் டிவியிலேயே போட்டுக் காட்டினார். கடை முழுக்க கார்கள் உறுமின. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகளின் கொன்சோலைப் புரட்டிப் பார்த்தேன். டிஸ்க் போட ஒரு வாய்கூட இல்லை.

"வேற கடையில கேம் வாங்கேலாதோ?"

"ஏலாது அப்பா. இதுக்குள்ள இருக்கிற ஒன்லைன் கடை மட்டுந்தான். அடுத்த மாடல்ல வேற கடையளும் வருமாம். ஆனா அது விலை கூடவாம்."

நம் வீட்டுப் பெட்டிக்குள் இன்னொரு கடையை விடுவதற்கு, நாமே இன்னொரு பெட்டி வாங்க வேண்டுமாம்! அப்பாவின் கோபம் அப்படியே எனக்கும் வந்தது. ஆனால் போய்ச் சண்டை பிடிக்க ஒரு கடை வாசல் இல்லை; திருப்பிக்கொள்ள ஒரு முதலாளியின் முகமும் இல்லை. திரையில், அந்தக் கடையின் நிபந்தனைகளுக்குக் கீழே, 'சம்மதம்' என்ற பொத்தான் மட்டும் மின்னியது.

நான் வாய் திறப்பதற்குள் மகள் அதை அழுத்திவிட்டாள்.