விஜயகுமாரியின் இடது கை

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டுக்கும் சாத்தமுக்கும் நடுவே ஓடும் ஃபெரியில் சுக்கான் பிடிப்பவர் ஆவுடையப்பன். ஆபீஸ் ஆட்கள், ஸ்கூட்டர்கள், காய்கறிக் கூடைகள் என்று தினமும் ஒரு ஊரையே அக்கரை சேர்க்கிறோம் என்பதில் அவருக்கு மண்டைக்கனம் உண்டு. ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், கயிறு கட்டுகிறவர்களிடம் நின்று பேசக்கூட மாட்டார்.

நாற்பத்து நாலு வயதில், வேலைக்காக நடந்த உடல் சோதனையில் அவருக்கு பிரஷர் நூற்று அறுபது. மாத்திரை கொடுத்து, வீட்டிலேயே தினமும் மிஷினில் பார்த்து நோட்டில் எழுதி, மாதாமாதம் காட்டச் சொன்னார்கள். குறையாவிட்டால் சுக்கான் போய்விடும், ஜெட்டிக் கயிறுதான் மிஞ்சும். மாத்திரை தின்றால் ஆண்மை போய்விடும் என்று எவனோ அவர் காதில் ஓதியிருந்தான். மனிதர் மாத்திரையைத் தொடவில்லை. மிஷினை எடுத்து மனைவி விஜயகுமாரியின் இடது கையில் சுற்றினார்.

நூற்றுப் பன்னிரண்டு, எழுபத்து நாலு. அப்படியே நோட்டில் ஏறியது. ஆஸ்பத்திரியில் அவர் கையில் பார்த்தால் எகிறும். "ஆஸ்பத்திரி வாடை பட்டாலே எனக்குப் படபடன்னு வருது டாக்டர். நோட்டைப் பாருங்க" என்பார். பார்த்தார்கள், நம்பினார்கள்.

ஐந்து வருஷம் இந்தத் திருட்டு நன்றாகவே ஓடியது. அப்புறம் விஜயகுமாரிக்கு மாதவிலக்கு நின்றது. அடுத்த சில மாதங்களில் எண் நூற்று முப்பதைத் தாண்டியது, பிறகு நாற்பது, ஐம்பது. ஆவுடையப்பன் பேட்டரியை மாற்றினார். அப்புறம் மனைவி மேல் பாய்ந்தார்.

"என்னட்டி திங்க நீ? என் வேலைக்கு உலை வச்சிருவ போலுக்கே!"

அவள் ஊறுகாயை விட்டாள், கருவாட்டை விட்டாள், உப்பில்லாத கஞ்சி குடித்தாள். எண் இறங்கவில்லை. பிறகு அவர் மிஷினைப் பார்க்காமலே நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபது என்று இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டார். தலை வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், "டென்ஷன் மத் லோ, கவலப்படாத, வெக்கைதான்" என்று டியூட்டிக்குப் போனார். அவரைப் பற்றி எழுதுகையில் எனக்கே கோபம் வருகிறது.

போன மாதம் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் சுகுணா பார்த்தபோது நூற்றுத் தொண்ணூறு.

"இதுக்கு முன்னால எப்பவாவது பிரஷர் பார்த்திருக்கீங்களாம்மா?"

விஜயகுமாரி புருஷனைப் பார்க்கவே இல்லை. "இல்ல டாக்டர். பார்த்ததே இல்ல."

டாக்டர் ஆவுடையப்பனிடம் திரும்பினார். "ஆம்பளைங்களுக்குச் சீக்கிரமே ஏறும். பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு நிக்கிற வரைக்கும் பெரும்பாலும் கம்மியா இருக்கும், அப்புறம் கிடுகிடுன்னு ஏறி ஆம்பளைங்களையே தாண்டிரும். உங்க நோட்டை நானே பார்த்திருக்கேன், ஒரு நாள் விடாம எழுதியிருக்கீங்க. அந்த மிஷினை ஒரு தடவை இவங்க கையில சுத்தியிருக்கக் கூடாதா?"

அவருக்கு முகம் எரிந்தது. செத்துவிடலாம் போலிருந்தது.

"எவ்வளவு நாளா ஏறியிருக்குன்னு தெரிஞ்சா நல்லது. கிட்னி, கண்ணெல்லாம் பார்க்கணும்" என்றார் டாக்டர்.

வாயைத் திறந்தால் சுக்கான் போய்விடும். மேஜைக்கு அடியில் விஜயகுமாரி அவர் காலை மிதித்தாள், பேசாதே என்று.

"ரெண்டு வருஷமா டாக்டர்" என்றார் ஆவுடையப்பன். "அந்த நோட்டுல எழுதுனது பூரா இவ கைதான். ஏற ஆரம்பிச்சதும் பொய்யா எழுதிட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆவுடையப்பன் தலை நிமிரவில்லை. திட்டப்போகிறாள், அழப்போகிறாள், எது வந்தாலும் தகும் என்று மனைவி வாய் திறப்பதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜயகுமாரி தன் இடது கையை வலது கையால் தடவிக்கொண்டாள்.

"நம்பர் ஏறுனா உங்க வேலைக்குத்தான் கெடுதல்னுல்லா நெனச்சேன்" என்றாள். "எனக்குன்னு நீங்க சொல்லவே இல்லியே."