சம்பளம் இல்லாத ஊழியர்

வத்தேகமவில் தையல் கடை வைத்திருக்கிறேன். சொந்தத் தொழில் செய்பவர் தன் குடும்பத்துக்குக் கட்டும் மருத்துவக் காப்புறுதிப் பணத்தை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்றார்கள். ஊழியருக்குக் கட்டினால் அது கடைச் செலவு, கழிக்கலாம். உடனே என் மனைவி சரோஜாவை ஊழியர் என்று படிவத்தில் எழுதி, என்ன படிவம் என்று சொல்லாமலே அவளிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு அவளுக்குப் புற்றுநோய். சத்திரசிகிச்சைக்குப் பணம் கேட்டதும் காப்புறுதி அதிகாரி ஒருவர் கடைக்கே வந்தார்.

"அம்மா, உங்களுக்கு இங்க சம்பளம் எவ்வளவு?"

"சம்பளமா? இருபது வருஷமா பட்டன் தைக்கிறேன் சார், ஒரு சதம் வாங்கினதில்ல" என்று சிரித்தாள்.

சம்பளம் வாங்காதவர் ஊழியர் இல்லை என்று பணம் தர மறுத்துவிட்டார்கள். நான் அவளைத்தான் ஏசினேன்.

"நான் ஊழியர்னு எனக்கே தெரியாதுங்க. சொல்லியிருந்தா பொய் சொல்லியிருப்பேனே" என்றாள்.

நான் கடனுக்கு அலைந்து முடிவதற்குள் போய்விட்டாள்.

இப்போது அவளுடைய கதிரையில் ஒரு பெண் இருந்து பட்டன் தைக்கிறாள். அவளுக்கு மாதாமாதம் கையெழுத்து வாங்கிச் சம்பளம் கொடுக்கிறேன், காப்புறுதியும் கட்டுகிறேன். வரியில் சரியாகக் கழிகிறது.