நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத எந்திரம்

இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில், எங்கள் தெருவில் குடியிருந்த ஹெட்டி கார்சைட் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பார்த்தவர்கள் உண்டு. அந்தப் பெண்ணா இவள் என்று அவர்களே கண் கலங்குவார்கள்.

அவள் தம்பி க்ளிஃப் சரக்குக் கப்பலில் அட்லாண்டிக் போய் வந்துகொண்டிருந்தான். ஹெட்டியும் பெண்கள் கடற்படையில் சேர்ந்தாள். கப்பலைக் கனவு கண்டு போனவளைக் கடலே கண்ணில் படாத ஒரு மாளிகைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் எந்திரங்கள், ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைப்பவை. அவற்றில் வரிசை வரிசையாக உருளைகள் சுற்றும். செய்தியைத் திறக்கும் சாவிகளில் பொருந்தாதவற்றை ஒதுக்கிக்கொண்டே போய், பொருந்தக்கூடியது வந்தால் எந்திரம் சட்டென்று நிற்கும். யாருடைய செய்தி என்று அதை ஓட்டும் பெண்கள் கேட்கக் கூடாது. வெளியே மூச்சு விடவும் கூடாது. வீட்டில் டைப் அடிக்கும் வேலை என்றே ஹெட்டி சொல்லி வைத்திருந்தாள்.

கணக்கு நிபுணர் பெல்வுட் ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "போருக்கு முன்னாடி எங்காளுங்க காகிதத்துலயே ஒரு எந்திரம் கட்டினாங்கம்மா. எந்தக் கணக்கையும் போடும். ஆனா அது எப்பவாவது நிக்குமா, ஓடிக்கிட்டே இருக்குமான்னு முன்கூட்டியே சொல்ல பொதுவா ஒரு வழி கிடையாது. அதை நிரூபிச்சே காட்டிட்டாங்க."

"எங்கம்மா வாயைத் திறந்தாலும் அதே கதைதான் சார்!" என்றாள் ஹெட்டி.

"இது உங்கம்மா இல்ல. இது நிக்கும்" என்று ஓடும் எந்திரத்தைக் காட்டினார் அவர்.

ஒவ்வொரு உருளையின் பின்புறமும் தூரிகை போல மெல்லிய கம்பிகள் இருக்கும். ஒன்றோடொன்று தொட்டால் மின்சாரம் தடம் மாறி, நிற்க வேண்டிய இடத்தை எந்திரம் தாண்டிவிடும். அதனால் மாட்டுவதற்கு முன் சிறு இடுக்கியால் கம்பிகளைப் பிரித்து நிமிர்த்த வேண்டும்.

அது ஒரு மார்ச் மாதப் பகல்.

"கல்யாணப் பொண்ணுக்குத் தலை வாருற மாதிரி வாரிக்கிட்டு இருக்கியே, சீக்கிரம்டி!" என்றாள் தோழி டாஃப்னி. ஹெட்டி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே கடைசி உருளையைப் பார்க்காமல் மாட்டிவிட்டாள்.

எந்திரம் சுற்றி ஓய்ந்தது. சரியான சாவி கிடைக்கவில்லை. வேறு அமைப்புகளைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தி சாயும்போது ஹெட்டி அந்தக் கடைசி உருளையைக் கழற்றிப் பார்த்தாள். இரண்டு கம்பிகள் பின்னிக் கிடந்தன. ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னாள். மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை நின்றது. ஆனால் பொழுது போய்விட்டதே!

மறுநாள் விடியலில் க்ளிஃபின் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது; அவன் பிழைக்கவில்லை. வீட்டுக்குத் தந்தி வந்த பிறகுதான் அவளுக்கு அந்தத் தேதி தெரிந்தது.

"நீர்மூழ்கி எங்க பதுங்கியிருக்குன்னு நம்மாளுங்களுக்கு எப்படிடி தெரியும்? யாரைக் குத்தம் சொல்றது?" என்று அழுதாள் அம்மா. "நீயாவது டைப் அடிச்சிக்கிட்டு பத்திரமா இருக்கியே, கண்ணு!"

ஹெட்டி தன் கையையே கடித்துக்கொண்டாள். பெற்ற தாயிடம்கூடச் சொல்ல முடியாத பாவமா அது!

விடுப்பு முடிந்து போனதும் பெல்வுட்டை மறித்தாள். "அன்னிக்கு நான் கெடுத்த ஓட்டம் நீர்மூழ்கிகளோட செய்திக்கானதா சார்?"

"கேக்கக் கூடாததைக் கேக்குற, ஹெட்டி."

போர் முடிந்தது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரையும் குற்றம் சொல்லாமலே அம்மா கண்ணை மூடினாள். எழுபதுகளில்தான் ரகசியத் தடை விலகியது. அந்த மாளிகையில் வேலை செய்த பெண்கள் ஓர் ஓட்டலில் கூடினார்கள். பெல்வுட்டும் கூன் விழுந்து வந்திருந்தார். ஹெட்டி அதே கேள்வியைக் கேட்டாள்.

"நாங்களும் துண்டு துண்டாத்தான் பாத்தோம்மா. எனக்குத் தெரியாது. காகிதத்தையெல்லாம் எரிச்சாச்சு. இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல."

"அப்போ பொய்யாவது சொல்லுங்க சார். இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை."

நிரூபிக்காத ஒன்றை ஆயுளில் சொல்லாத மனிதர். வாயைத் திறந்தார். அந்தப் பொய் வரவில்லை.

"ஹெட்டி, கேக் வெட்டப் போறோம், வாடி!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். ஊர் வரும்வரை பேருந்தில் யாரிடமும் பேசவில்லை. பேச இனி அவளுக்குத் தடை ஏதும் இல்லை.