இரண்டாவது பட்டை

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வேலை. செத்த நாய்களை ஃபார்மலினில் ஊறப்போட்டு, தோலை உரித்து, தசை தசையாகப் பிரித்து மாணவர்களுக்கு வைப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் தொட்ட டம்ளரில் அந்த வாடை வரும். சாப்பிடும்போது அவர் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. "மூக்கப் பொத்திக்கிட்டே கிழவியாயிடப் போற" என்று கேலி செய்வார்.

வாடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குக் குமட்டியது வேறொன்று. நாய்க்கு நாய் தசை மாறும். ஒன்றுக்கு முன்னங்காலில் ஒரு தசையே இருக்காது. இன்னொன்றுக்குத் தொடைக்குள் ஒரு பட்டை கூடுதலாக ஓடும். புத்தகத்தில் இல்லாதது மேசையிலும் இருக்கக்கூடாது என்பது பேராசிரியரின் சட்டம். வகுப்புக்கும் செய்முறைத் தேர்வுக்கும் முந்தின நாள் ஒவ்வொரு மேசையாக வந்து விரலை நீட்டுவார்.

"இத எடுத்துடுப்பா. பசங்க குழம்பிடுவாங்க."

மாமா எடுத்துவிடுவார், வெட்டிய தடம்கூடத் தெரியாமல். துண்டுகள் வாளிக்குப் போகும். அந்தக் கைத்திறமையை வீட்டுக்கு வந்து பெருமையடித்துக்கொள்வார் வேறு.

"பொய் சொல்றதுக்கு இவ்வளவு சுத்தமான கை எதுக்கு மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ வேற. சொல்றது அவரு. எனக்கென்ன வந்தது?"

பிறகு அக்காவின் நாய் பைக்கில் அடிபட்டது. தொடை எலும்பு இரண்டு துண்டு. "திரும்ப நடக்குமா?" என்பதைத் தவிர அக்கா வாயில் வேறு பேச்சே இல்லை. அறுவை செய்த டாக்டர் அதே கல்லூரியில் படித்தவர். தசைப் பாடத்தில் முதல் மதிப்பெண். மாமா உள்ளே போய் விளக்குப் பிடித்தார்.

நடந்ததைப் பின்னால் என்னிடம் மட்டும் சொன்னார். பெரிய தசையை விலக்கியதும் அடியில் மெல்லிய பட்டை ஒன்று தெரிந்தது. அது தசை. அதற்கடுத்து இருக்கவேண்டியது காலை நடத்தும் நரம்பு. அதைத்தான் காப்பாற்ற வேண்டும். இந்த நாய்க்கு நடுவில் இரண்டாவதாக ஒரு பட்டை கிடந்தது. ரத்தமும் கொழுப்புமாக வெளிறியிருந்த அதை டாக்டர் நரம்பு என்று நினைத்துப் பூப்போல ஒதுக்கி வைத்தார்.

"டாக்டர், அதுவும் தசைதாங்க. நரம்பு இன்னும் கீழ இருக்கும்."

டாக்டர் நிமிரவில்லை. "நானும் உங்க ஹால்லதான படிச்சேன்? இது ரெண்டா இருந்து ஒரு நாயக்கூட நான் பார்த்ததில்லையே."

எப்படிப் பார்த்திருப்பார்? ஏன் பார்க்கவில்லை என்று மாமா சொன்னால் இருபத்திரண்டு வருஷமும் வெளியே வரும். விளக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். எலும்பைக் கவ்விய இடுக்கியில் நிஜ நரம்பு நசுங்கியது.

"அக்காகிட்ட சொல்லிடாத" என்றார். நானும் சொல்லவில்லை. என்னை நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

எலும்பு கூடிவிட்டது. பாதம் மட்டும் மடங்கிப்போய், மேல்தோல் தரையில் தேய்ந்து தேய்ந்து சீழ் வைத்தது. அக்கா தினமும் கழுவிக் கட்டுப் போட்டாள். ஆறு வாரம் பார்த்துவிட்டு டாக்டர் மறுபடி திறந்தார். நாங்கள் நாயைக் கூட்டிவந்து ஒரு வாரம் கழித்து டாக்டர் வீட்டுக்கே வந்தார்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே. நடுவுல ஒரு கூடுதல் தசை. நரம்பு நசுங்கியிருக்கு, இனிமே சரியாகாது." அக்காவைப் பார்த்து, "ரொம்ப அபூர்வம்மா. யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது" என்றார்.

அக்கா கட்டுத்துணியோடு நின்றாள். மாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அபூர்வமெல்லாம் இல்லீங்க. வருஷத்துக்கு நாலஞ்சு வரும். நான்தான் வெட்டி வாளியில போடுவேன்."

அக்கா துணியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். நாய்தான் பாதத்தை இழுத்துக்கொண்டு வந்து மாமாவின் கையை நக்கியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.