கைக்கு ஊற்றாத தண்ணீர்

எங்கள் ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம். பாடு என்று அதற்குப் பெயர். சீட்டில் பெயர் வந்தவனுக்குத்தான் அந்த நாளும் அந்தத் தண்ணீரும். அதற்கு மறுபேச்சு கிடையாது.

எங்கள் போதகர் பக்கவாதம் வந்து படுத்தபோது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கும் அப்படியே செய்தோம். யோசனை என்னுடையதுதான். ஆறு ஆண்களின் பெயர்களை எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். முதல் வாரமே என் பெயர் வந்தது. வெளிக்குத் தலையைக் குனிந்துகொண்டேன், உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பல வருஷ ஆசை எனக்கு.

முகத்துவாரம் மணலடித்து மூடிக்கிடந்த நேரம் அது. கடல் உள்ளே வராமல் ஏரித் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதனால் எலிசா தீர்க்கதரிசியை எடுத்துக்கொண்டேன். தண்ணீரில்லாமல் தவித்த மூன்று ராஜாக்கள் அவரைத் தேடிப் போகிறார்கள். அவர் வெட்டச் சொன்ன வாய்க்கால்களில் மழையே இல்லாமல் தண்ணீர் வந்து நிரம்புகிறது. சபையையே அழவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் போதகரின் வெள்ளை அங்கியைக் கேட்டு வாங்கப் போனேன். மனைவி இறந்த பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் சோறு கொண்டுவந்து கொடுப்பாள். ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். அன்றைக்குச் சோற்றை வைத்துவிட்டு ஏரிக்கு ஓடியிருந்தாள். போதகர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். விரல்களில் குழம்புச் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. வலது கை விழுந்துவிட்டவருக்குச் சாப்பிட்ட கையைத் தானே கழுவிக்கொள்ள வழியில்லை. தண்ணீர்ச் சொம்பு பக்கத்திலேயே இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, அங்கி எங்கே என்று கேட்டேன். பெட்டியில் இருப்பதாகக் குழறிச் சொன்னார். எடுத்துக்கொண்டு, எனக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அங்கியோடு நின்று அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தேன். தீர்க்கதரிசி யாராவது இங்கே உண்டா என்று ராஜா விசாரிக்கும் இடம் வந்தது. வேலைக்காரன் ஒருவன் எலிசா இருக்கிறார் என்கிறான். அவர் செய்த அற்புதம் எதையும் அவன் சொல்லவில்லை. தன் குரு எலியாவின் கைக்குத் தண்ணீர் ஊற்றியவர் என்கிறான், அவ்வளவுதான். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுத வீட்டுப் பிள்ளையான எலிசாவுக்கு அதுதான் அடையாளம்.

எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். அன்றைக்கு அதைத் தாண்டி என் நாக்கு நகரவில்லை. சோறு காய்ந்த விரல்கள் கண்முன்னே வந்து நின்றன. பிரசங்கம் பண்ணச் சீட்டுப் போட்ட நாங்கள், அவருக்குக் கை கழுவிவிடச் சீட்டுப் போடவில்லை. அங்கியைப் போட்டுக்கொண்டால் சீஷனாகிவிடலாம் என்று நினைத்த என்னை நினைத்து உடம்பெல்லாம் கூசியது. ஒரு சின்ன ஜெபத்தோடு ஆராதனையை முடித்துவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று சபையார் பேசிக்கொண்டார்கள்.

அங்கியைக் கழற்றாமல் அவர் வீட்டுக்கு நடந்தேன். அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் சொம்பைக் கையில் எடுத்திருந்தாள். நான் ஊற்றுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றி, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினேன். அங்கியின் கைப்பகுதி நனைந்து மஞ்சளானது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. நேற்று ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நேத்து நீ ரொம்ப அவசரத்துல இருந்தே நைனா. அதான் கேக்கல."