கவிழ்த்தால் நிற்காது

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிங்கப்பூருக்கு வந்து நான் பதினோரு பேரைக் கொன்றிருக்கிறேன். அதுவும் ஒரே நடையில், கதவைத் திறந்துவிட்டு, சல்யூட் அடித்து. கொன்றது தெரியாமல், பத்திரமாகக் கீழே சேர்த்துவிட்ட பெருமையில் பல்லை இளித்துக்கொண்டு வேறு நின்றேன். தீயணைப்புப் பயிற்சி கொடுக்க வந்த பால்ராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"லிஃப்டுலயா இறக்குனீங்க?"

"ஆமா சார். ரெண்டே நிமிஷம்."

"அப்ப பதினோரு பேரும் செத்தாச்சு லா. உங்களோட பன்னண்டு."

நெருப்புப் பிடித்த கட்டடத்தில் மின்சாரம் போனால் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடுமாம், உள்ளே இருப்பவர்கள் வெந்து போவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் லிஃப்ட்காரன். ஆற்றங்கரையை ஒட்டிய பதினாலு மாடி அலுவலகக் கட்டடத்தில், பித்தளைக் கைப்பிடியைத் திருகித் திருகி வெள்ளைக்காரத் துரைகளையும் சீன முதலாளிகளையும் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. அவசரம் என்றால் சீக்கிரமாக இறக்குவேன். பயிற்சி மணி அடித்ததும் அதைத்தான் செய்தேன்.

ஆனால் அந்தப் பயிற்சியில் என் சோறு இருந்தது. கட்டடத்துக்குப் புது லிஃப்ட் வருகிறது. பொத்தானை அமுக்கினால் தானே போகும், தானே நிற்கும், கைப்பிடிக்கும் கைப்பிடிக்காரனுக்கும் வேலை இல்லை. மேற்பார்வையாளர் லிம், வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர், என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பதினாலு மாடிக்கும் தீக்காவல் பார்க்க ஒரே ஓர் ஆளை வைத்துக்கொள்வார்களாம். பயிற்சி முடிவில் பால்ராஜ் சரி என்றால் அந்த ஆள் நான். இல்லை என்றால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல். முதல் நாளே பதினோரு கொலை செய்தவனுக்கு எது கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் மேல் முழுத் தப்பும் இல்லை. நான் பழகிய நெருப்பு வேறு. ஊரில் எங்கள் தெரு முழுக்கத் தென்னங்கீத்துக் கூரை. சித்திரை வெயிலில் ஒரு பொறி பறந்தால் போதும், அத்தனை பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு தீயை நோக்கி ஓடுவோம். ஒருவன் குடத்தோடு வருவான், ஒருவன் மண்ணை வாரி இறைப்பான். மற்றவர்கள் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி, தீ தாவுவதற்குள் கீத்தைப் பிய்த்துப் போடுவோம். அப்படி ஒருமுறை நான் உற்சாகமாகப் பிய்த்த கூரைப் பக்கம் தீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. இங்கேயோ எல்லாம் தலைகீழ். கத்தாதே, ஓடாதே, எதையும் எடுக்காதே, தீக்கு முதுகைக் காட்டி, படியில் வரிசையாக நடந்து இறங்கு என்கிறார்கள். தீயைப் பார்த்து நடந்து போவதற்கு ஒரு வகுப்பா என்று முதலில் சிரித்தேன். இரண்டாம் வகுப்பில் எனக்கே வெறி பிடித்துவிட்டது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஏழு பேர் குடியிருக்கும் எங்கள் அறையில், தினமும் காலையில் தகரத்தைத் தட்டி எல்லோரையும் வரிசையாகப் படியிறங்க வைத்தேன். மூன்றாம் நாள் அவர்கள் தகரத்தைப் பிடுங்கி என் தலையில் தட்டினார்கள்.

வகுப்பில் என்னை அடியோடு மயக்கியது தீயணைக்கும் அந்தச் சிவப்பு இரும்பு உருளைதான். மாடிக்கு ஒன்று சுவரில் தொங்கும், ஐந்து வயதுப் பிள்ளையின் கனம் இருக்கும். உள்ளே சோடாத் தண்ணீர், மேலே ஒரு சீசாவில் அமிலம். பால்ராஜ் அதை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார்: "கவுத்தா பீச்சும். பீச்ச ஆரம்பிச்சா நிக்காது. தீர்ற வரைக்கும் விடக்கூடாது." இதை அப்படியே என் மனைவி தனத்துக்கும் கடிதத்தில் எழுதினேன். அவளுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

பரீட்சைக்கு முதல் நாள் ஆயுத பூஜை வந்தது. ஊரில் ஏர் முதல் அரிவாள் வரை பொட்டு வைத்தவன், லிஃப்டின் கைப்பிடிக்கு வருஷா வருஷம் வைப்பவன், நாளைக்கு எனக்குச் சோறு போடப் போகிற உருளையை மட்டும் சும்மா விடுவேனா? சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தியோடு பதினாலாம் மாடிக்குப் போனேன். சூடம் மட்டும் கொண்டுபோகவில்லை. தீயணைக்கும் இடத்தில் தீ கொளுத்தக் கூடாது என்று எனக்குத் தோன்றியதே, அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமை. உருளையை இறக்கித் துடைத்தேன், பூ சுற்றினேன், பொட்டு வைத்தேன். அடியில் தூசி இருக்குமே என்று நினைத்தேன். பூஜைக்கு வைக்கும் சாமானை அடிவரை துலக்க வேண்டாமா?

கவிழ்த்தேன்.

பால்ராஜ் பொய் சொல்லவில்லை. பீச்சியது. முதலில் பறந்தது சாமந்தி. அடுத்து, சத்தம் கேட்டு வந்த லிம்முடைய வெள்ளைச் சட்டை. நுரையும் ஆவியுமாகக் கண்ணை மறைத்ததில், தட்டச்சுப் பெண் ஒருத்தி புகை என்று நினைத்து அபாய மணியை அடித்துவிட்டாள். நான் நெருப்பு இல்லை, நெருப்பு இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன், தமிழில். அந்த மாடியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சந்தனம் வழியும் ஆள் ஒருவன் உருளையைக் கட்டிக்கொண்டு அலறுவதைப் பார்த்தவர்களுக்கு இனி என்ன சந்தேகம்? படியை நோக்கி வரிசை கட்டினார்கள்.

பெரிய துரை மட்டும் வழக்கம்போல் லிஃப்டுக்கு வந்தார். அவர் காலையில் ஏறும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவன் நான். நெருப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மணி அடித்துக்கொண்டிருந்தது. கையில் காலி உருளையோடு கதவின் குறுக்கே நின்றேன்.

"நோ லிஃப்ட், சார். படி."

கடைசி வார்த்தை தமிழ். விரல் காட்டிய திசை அவருக்குப் புரிந்தது. முகம் சிவக்க, பதினாலு மாடியும் நடந்தே இறங்கினார்.

அன்று முழுக்க மனத்துக்குள் டிரங்குப் பெட்டி கட்டினேன். மறுநாள் லிம் மாற்றுச் சட்டையில் வந்தார். பால்ராஜிடம் எல்லாவற்றையும் அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பால்ராஜின் தோள் குலுங்கியது. உருளையில் ஒட்டியிருந்த சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்து, இது துருவுக்குப் பூசிய மருந்தா என்று லிம் கேட்டார். சாமி கும்பிட்டது என்று என் அரை மலாயில் விளக்கினேன். அவர் தன் மேசைக்குப் பின்னால் இருக்கும் ஊதுபத்திக் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். பால்ராஜ்தான் தீர்ப்பைச் சொன்னார்: "பெரிய துரைக்கு உங்க மேல செம கோவம் அண்ணே. மணி அடிச்சா அவருக்கே லிஃப்ட் இல்லன்னு நின்னீங்கல்ல, அதுதான் பரீட்சை. இருங்க. ஆனா அடுத்த பூஜைக்கு அதுக்குப் பூ மட்டும் போதும்."

என் கால் தரையில் பாவவில்லை. இப்போது எனக்குக் கையில் சிவப்புப் பட்டை, இடுப்பில் விசில், பதினாலு மாடி கான்கிரீட்டுக்கு நான் காவல். அன்றைக்கே தனத்துக்கு விமானத் தபாலின் நீலத் தாளில் நாலு மூலையும் நிறைய எழுதினேன். துரையை இறக்கியதை ஒன்றுக்கு இரண்டாக எழுதினேன். இங்கே எத்தனை உருளை, எத்தனை மணல் வாளி, எத்தனை படி என்று எழுதினேன். நெருப்பு என்றால் இனி எனக்குப் பயமே கிடையாது என்று அடிக்கோடிட்டு முடித்தேன்.

தனம் எப்போதும் பசை ஒட்டும் இடம்வரை எழுதுகிறவள். இந்த முறை வந்த தாளில் ஒரே வரிதான் இருந்தது.

"நம்ம வீட்டுக்கு மேலே இன்னும் கீத்துதான்."