கார்டைப் பார்க்காமல் உள்ளே விட்டேன்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் எனக்கு செக்யூரிட்டி வேலை. மல்டிபிள் ஸ்களீரோசிஸ் என்ற நரம்பு நோயும் உண்டு; உடம்பு சூடேறினால் பார்வை மங்கும். இன்று வெயில் ஏறியதும் இரண்டு கண்ணும் மங்கிவிட்டன.

ஒருவன் நீட்டிய ஐடி கார்டில் முகமே தெரியவில்லை. தலையாட்டி உள்ளே விட்டேன். இரண்டடி போனவன் திரும்பிச் சிரித்தான்.

"இன்னாக்கா, என் கார்டு வூட்ல கீது. இது மச்சான் கார்டு. பாக்காமயே உட்டுட்ட?"

யாரிடமும் சொல்லாதே என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வேலை போனால் மருந்தும் நின்றுவிடும்.

டாக்டர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது: "நோயை எதிர்க்கற செல்லுங்க மூளைக்குள்ள கண்டபடி போகாம ரத்தக்குழாய் சுவர் தடுக்கும்மா. உங்களுக்கு அது தடுக்கல. உள்ள பூந்து கண் நரம்போட மேலுறையை அரிக்குதுங்க."

தலைக்குள் இருக்கும் கேட்டிலும் காவல் சரியில்லை, நான் நிற்கும் கேட்டிலும் சரியில்லை. முதலில் யாரை வேலையை விட்டுத் தூக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.